வீராவின் நம்பர், எவோவின் பாடி: எந்த வழியில் போகலாம்?

காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் போட்ட கணக்கு. போன வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் அதை என் மேசையில் விரித்து வைத்தான். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் கார் காப்புறுதி, ரோட் டேக்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் செய்து கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) வேலையாக ஈப்போவுக்கு ஓடியே பாதி ஆயுசு போய்விட்டது. அதனால் இந்த மாதிரிக் கணக்குகள் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும்.

அவனுடைய அப்பா செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். 1995-இல் புதிதாக எடுத்த புரோட்டோன் வீரா 1.6 இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இன்ஜின் புகை கக்குகிறது. ஓட்டுநர் காலடியில் தகடு துருப்பிடித்து ரோடு தெரிகிறது. அப்பாவுக்கு அதை இரும்புக்குப் போட மனசில்லை. பையனுக்கோ மிட்சுபிஷி எவோ 3 மேல் கண்.

இந்த இரண்டு ஆசையும் ஒரே காரில் சந்திப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீரா பிறந்ததே மிட்சுபிஷி லான்சரின் அச்சில். எவோவும் அதே லான்சரின் மூத்த முரட்டுப் பிள்ளை. ஜப்பானிலும் நம்மைப் போலவே வலப்பக்க ஸ்டீயரிங். அங்கே கார் பழசானால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனை, அதற்கொரு செலவு என்று ஓடுவதால் பலர் காரைக் கழித்துவிடுகிறார்கள். அப்படிக் கழித்த கார்களின் முன்பாதியை வெட்டி, ‘ஹாஃப்கட்’ என்று கன்டெய்னரில் நம் ஊருக்கு அனுப்புகிறார்கள். வீராவில் எவோ இன்ஜினை இறக்குவது நம் பையன்களுக்கு இருபது, முப்பது வருடக் கனவு.

இவனிடம் விற்பவர் அதற்கும் ஒரு படி மேலே போயிருந்தார். “ஹாஃப்கட் எதுக்கு தம்பி? முழு பாடியே வந்து கெடக்கு. உங்க அப்பா காடி நம்பரை வெட்டி எடுத்து இதுல ஒட்டிரலாம். கிராண்ட் ஒங்ககிட்ட, நம்பர் பிளேட் ஒங்ககிட்ட. யாருக்குத் தெரியப் போவுது?” கிராண்ட் என்று அவர் சொன்னது காரின் பதிவுச் சான்றிதழை.

காலண்டர் தாளில் அந்த வழிதான் எல்லாவற்றையும்விட மலிவாக இருந்தது. “அண்ணே, எதுல போவலாம்?” என்றான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து அடிக்கடி வருகிறது.

எதை வைத்து அளப்பது

விலையை வைத்து அளந்தால் கணக்கு தப்பாகத்தான் வரும். நான் பார்க்கிற வரிசை வேறு.

முதலில், வண்டியின் அடையாள எண்ணான சேஸிஸ் நம்பர் தான் பிறந்த தகட்டிலேயே இருக்கிறதா? வீராவில் இன்ஜினுக்குப் பின்னால் நிற்கும் தகட்டுச் சுவரில் அது அடித்திருக்கும். ஜேபிஜே பதிவில் இருப்பது அந்தத் தகட்டோடு பிறந்த வண்டிதான். கதவு, பானட், இன்ஜின், கியர்பாக்ஸ் எதையும் மாற்றலாம். அந்தத் தகட்டைப் பெயர்த்தால் வண்டியின் பிறப்புச் சான்றையே பெயர்த்ததாகிவிடும்.

அடுத்தது, பெரிய சாமான் ஒவ்வொன்றுக்கும் தாள் உண்டா என்பது. கடை ரசீது, சுங்கத்தின் கே1 எனும் இறக்குமதி அறிவிப்புப் பாரத்தின் நகல் இரண்டும் வேண்டும். பிறகு, விபத்து நடந்த அன்று காப்புறுதி நிற்குமா? நாளைக்கு விற்கப் போனால் வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமில் கார் தேறுமா? அதற்குப் பிறகுதான் காசு, அதுவும் தாளில் எழுதாத காசையும் சேர்த்து.

கடைசியாக ஒன்று, யாரும் கேட்காதது: மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? விற்றவர் சிம் கார்டை மாற்றிக்கொண்டு போய்விடுவார். ஃபோர்மேன் “சொன்னதச் செஞ்சேன்” என்பார். பதிவில் பெயர் இருப்பது அப்பாவுக்கு. போலீஸ் முதலில் வந்து நிற்பது அவர் வீட்டு வாசலில்.

வழி 1: அப்பாவின் பாடி அப்படியே, உள்ளே மட்டும் மாற்றம்

துருப்பிடித்த தரையை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பது, ஹாஃப்கட்டிலிருந்து எவோவின் 4ஜி63 டர்போ இன்ஜினை எடுத்து இறக்குவது, அதற்கேற்ற பிரேக், சஸ்பென்ஷன் போடுவது. நம்பர் இருக்கும் சுவரை யாரும் தொடுவதில்லை.

சட்டப்படி இது முடியாத காரியம் இல்லை. இன்ஜினை மாற்றினால் பதிவில் இருக்கும் இன்ஜின் எண்ணும் சி.சி.யும் பொய்யாகிவிடும். அதனால் ஜேபிஜே அனுமதி, சோதனை, பதிவில் புது எண் ஏற்றுவது என்று வரிசையாகப் போக வேண்டும். இந்த வரிசையில் நம் ஆட்கள் சிக்குவது எப்போதும் ஒரே இடத்தில்: இன்ஜினுக்குத் தாள் இல்லை. ஹாஃப்கட் கடையில் காசை எண்ணி வைப்பதற்கு முன்னால் ரசீதில் இன்ஜின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள், கே1 நகல் கேளுங்கள், இன்ஜின் இன்னும் ஹாஃப்கட்டிலேயே உட்கார்ந்திருக்கும்போது எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். “கே1 எல்லாம் அப்புறம் தர்றேன்” என்கிற கடையில் அந்த ‘அப்புறம்’ வந்து நான் பார்த்ததில்லை.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். வீரா 1.6-க்கு தீபகற்பத்தில் ஆண்டு ரோட் டேக்ஸ் 90 ரிங்கிட். 4ஜி63 இன்ஜின் 1,997 சி.சி.; அதற்கு 378 ரிங்கிட் 50 காசு. காப்புறுதிச் சந்தாவும் சி.சி.யைப் பார்த்து ஏறும். இதுகூடப் பரவாயில்லை. பெரிய அடி வேறிடத்தில். முப்பது வருட வீராவுக்குச் சந்தை விலை என்ன என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் உள்ளே எவ்வளவு கொட்டியிருந்தாலும் சாதாரண பாலிசியில் கார் தொலைந்தால் கிடைப்பது சந்தை விலைதான். முன்கூட்டியே பேசி முடித்த தொகைக்குக் காப்புறுதி எடுக்க நிறுவனம் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மாற்றமெல்லாம் பதிவில் ஏறியிருக்க வேண்டும். ஒளித்து வைத்த இன்ஜினுக்கு யாரும் விலை போடமாட்டார்கள்.

இன்னொன்று. எவோ நான்கு சக்கரமும் இழுக்கும் கார்; வீரா முன்சக்கரம் மட்டும். நான்கையும் இழுக்க வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் பின்தரையையே வெட்டி மாற்ற வேண்டியிருக்கும். வெட்ட வெட்ட, இது இன்னும் வீராதானா என்ற கேள்வி பலமாகும். பாடியின் கட்டமைப்பு மாற்றங்களுக்கு 1959-ஆம் ஆண்டு கட்டுமான, பயன்பாட்டு விதிகள் இருக்கின்றன. அந்த அளவுக்குப் போவதென்றால் வெட்டுவதற்கு முன்பே ஜேபிஜேயில் கேட்பதுதான் பிழைக்கிற வழி. முன்சக்கர இழுவையோடு நிறுத்திக்கொள்வது புத்தி என்பது என் கட்சி. பையன் முகம் சுருங்கியது, இருக்கட்டும்.

நம்பர் இருக்கும் தகட்டையே துரு தின்றிருந்தால்? கிரைண்டரைக் கீழே வையுங்கள். படம் எடுத்துக்கொண்டு முதலில் ஜேபிஜே கவுண்டருக்குப் போங்கள். எண்ணைத் திரும்ப அடிப்பதற்கு அவர்கள் வழியாகப் போனால் அது பழுதுபார்ப்பு. நீங்களே அடித்தால் அது குற்றம். ஒரே சுத்தியல்தான், ஒரே எண்தான்.

இந்த வழி யாருக்கு நல்லது: அப்பாவின் காரை வைத்துக்கொள்வதுதான் முக்கியம் என்பவருக்கு, பொறுமை இருப்பவருக்கு, விற்கும் எண்ணம் இல்லாதவருக்கு.

வழி 2: நம்பரை எவோ பாடிக்கு மாற்றுவது

இதில்தான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். காலண்டர் தாளில் மலிவாகத் தெரிந்தது இதுதான்.

ஏன் மலிவு என்று முதலில் பார்ப்போம். வெளிநாட்டுக் காரை நாட்டுக்குள் கொண்டுவர ஏபி எனும் இறக்குமதி அனுமதி வேண்டும். அதன் மேல் இறக்குமதி வரி, 60 முதல் 105 விழுக்காடு வரை போகும் கலால் வரி, விற்பனை வரி. உதிரிப்பாகம் என்று அறிவித்து வரும் பாடி முழுக் காருக்கான ஏபியும் எடுக்கவில்லை, கலால் வரியும் கட்டவில்லை. உதிரிப்பாகமாகவே இருக்கும்வரை அது வேறு கணக்கு. அதன் மேல் ஒரு நம்பரை ஒட்டி ரோட்டில் இறக்கிய நிமிடம், அது வரி கட்டாத கார். விற்பவர் சொன்ன ‘மலிவு’ என்பது அரசாங்கத்துக்குப் போக வேண்டிய காசுதான். அதை அவர் மிச்சப்படுத்தித் தருகிறார். கடனை மட்டும் உங்கள் பெயரில் எழுதிவிட்டுப் போகிறார்.

சட்டம் பல பக்கத்திலிருந்து வரும். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு வாகனப் பதிவு, அடையாளம் தொடர்பான மோசடிகளுக்கானது. 1967-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு வரி கட்டாத பொருளைக் கடத்தியவரோடு நிற்பதில்லை, வைத்திருப்பவரையும் பிடிக்கும், கார் பறிமுதலாகும். அந்த பாடியோ இன்ஜினோ எங்கேயோ திருடப்பட்டது என்று தெரிய வந்தால் தண்டனைச் சட்டம் 411, திருட்டுப் பொருளைப் பெற்ற குற்றம். நாளைக்கு அதை “வீரா” என்று இன்னொருவரிடம் விற்றால் 420, ஏமாற்று: ஓர் ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம். பொய்யான ஆவணத்தை மெய்யென்று கவுண்டரில் நீட்டினால் 471.

“பதிவுதான் அப்பா பேர்ல இருக்கே, கிராண்ட் ஒரிஜினல்தானே அண்ணே” என்றான் பையன். தாள் ஒரிஜினல்தான். அது பேசுகிற கார்தான் இப்போது அங்கே இல்லை.

யாருக்குத் தெரியப் போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். வீராவின் நம்பர் பதினேழு எழுத்து நம்பர், பி.எல்.1 என்று தொடங்கும், புரோட்டோனின் அடையாளம் அது. ஜப்பான் உள்ளூர் எவோ 3-இன் நம்பர் வேறு ஜாதி: சி.இ.9.ஏ என்று போட்டு ஒரு கோடு, பிறகு வரிசை எண். இரண்டின் நீளமும் எழுத்தும் ஒட்டவே ஒட்டாது. அதனால்தான் எண்ணை மட்டும் மாற்றி அடிப்பது போதாமல், தகட்டையே வெட்டி ஒட்டச் சொல்கிறார்கள். வெட்டிய இடத்தில் வெல்டிங் ஓரம் இருக்கும். அதைத் தேய்த்துப் புட்டி பூசிப் பெயின்ட் அடிப்பார்கள். தொழிற்சாலையில் அந்தச் சுவரில் புட்டி பூசுவதில்லை.

பழைய எண்ணைத் தேய்த்து அழித்தாலும் அது போவதில்லை. எண்ணை அடிக்கும்போது அடி விழுந்த இடத்துக்குக் கீழே இரும்பு நசுங்கி இறுகிப் போகும். மேலே தேய்த்து வழவழப்பாக்கிய பிறகு அந்த இடத்தில் செம்புக் குளோரைடு கலந்த அமிலக் கரைசலைத் தடவினால், நசுங்கிய இரும்பும் நசுங்காத இரும்பும் வேறு வேறு வேகத்தில் அரிக்கும். போன எண் நிழல் மாதிரி மேலே வரும். தடயவியல் ஆட்களுக்கு இது பழைய வித்தை.

இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை எனக்கு. பல வருடத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் பழைய வேன் ஒன்றை வாங்கினார். காப்புறுதிக்கான கவர்நோட் நான்தான் போட்டேன். பானட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, கிராண்ட் நகலைப் பார்த்து எண்ணைத் தட்டச்சு செய்தேன், அவ்வளவுதான். பெயர் மாற்றச் சோதனைக்கு ஈப்போவுக்கு நானும் கூடவே போனேன். சோதனை அதிகாரி தின்னரில் நனைத்த துணியால் நம்பரைத் துடைத்தார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை துடைத்தார். மூன்றாவது இலக்கம் மற்றவற்றைவிட ஒரு மயிரிழை கீழே இறங்கி இருந்தது. அன்றைக்குத்தான் நானே பார்த்தேன். “ஓரமா பார்க் பண்ணுங்க” என்றார் மலாயில், மரியாதையாகத்தான். அந்த வேன் திரும்ப சுங்கை சிப்புட்டுக்கு வரவில்லை. வாடிக்கையாளர் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார், கட்டிய காசு போனது போனதுதான். விற்றவரை அவர் தேடிப் போனபோது அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது.

அவர் ஒரு தப்பும் செய்யவில்லையே, கார் ஏன் போனது என்று கேட்பீர்கள். 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு: தன்னுடையது அல்லாததை ஒருவர் விற்றால், வாங்கியவருக்குப் பொதுவாக உரிமை வந்து சேராது. நல்ல மனசோடு வாங்கினாலும் சரி. அன்றிலிருந்து என் கடையில் பானட்டைத் திறக்காமல் கவர்நோட் எழுதுவதில்லை. எரிச்சல்படுகிறவர்கள் உண்டு.

இனி மறைந்திருக்கும் செலவில் மிகப் பெரியது. 1987 சட்டத்தின் 90-ஆவது பிரிவுப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் ரோட்டில் கார் ஓடக்கூடாது. நீங்கள் ‘வீரா 1.6’ என்று எடுத்த பாலிசி, ரோட்டில் ஓடும் எவோவுக்குப் பொருந்துமா? 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை, தெரிந்தே பொய் சொல்லி எடுத்த பாலிசியை நிறுவனம் தள்ளிவிட்டு எல்லாக் கோரிக்கையையும் மறுக்க இடம் கொடுக்கிறது. கார் போனால் போகட்டும் என்று விடலாம். ஜாலான் பெசாரில் மோட்டார்சைக்கிளில் போகிற ஒருவரை இடித்து, அவருக்குக் கால் போனால்? அந்த நஷ்டஈட்டை நிறுவனம் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க வரலாம், அல்லது பாலிசியே செல்லாது என்று கோர்ட்டில் அறிவிப்பு வாங்கப் பார்க்கலாம். இரண்டிலும் கடைசியில் எஞ்சுவது அப்பாவின் வீடும் ஈபிஎஃப் எனும் சேமநிதிக் காசும்தான்.

இதே வழிக்கு இன்னொரு முகமும் உண்டு. “கிராண்ட் மட்டும் விற்பனைக்கு” என்று ஒருவர் வருவார். விபத்தில் நொறுங்கி, காப்புறுதி நிறுவனம் ‘டோட்டல் லாஸ்’ என்று கழித்த காரின் தாள், கூடவே வெட்டி எடுத்த நம்பர் தகடு. ஜொகூர் பக்கம் இதற்குச் சந்தை பெரிது. சிங்கப்பூரில் பத்து வருட உரிமம் முடிந்து பதிவு நீக்கிய கார்களுக்கு இங்கே உயிர் கொடுக்க உள்ளூர் நம்பர் வேண்டுமே. சில நேரம் ஒரே நம்பரில் இரண்டு கார் ஓடும், குளோன் என்பது அதுதான். அடுத்தவன் வாங்கிய சம்மன் உங்கள் பெயரில் வரும்போதுதான் உங்களுக்கு இரட்டைப் பிள்ளை இருப்பதே தெரியும். கார் இல்லாமல் தாளை மட்டும் விற்கிறவரிடம் வாங்குவதற்கு எதுவுமே இல்லை.

இந்த வழி யாருக்கு நல்லது: இந்த வரியை நிரப்ப யோசித்துப் பார்த்தேன். விற்பவருக்கு.

வழி 3: ஏற்கெனவே பதிவான முழுக் காரை வாங்குவது

அப்பாவின் வீரா வேறு, ஆசைக் கார் வேறு என்று பிரித்துக்கொள்வது. சந்தையில் இறங்கினால் ‘எவோ’ என்று விளம்பரம் செய்கிற கார்கள் பலவற்றின் கிராண்டில் ‘புரோட்டோன் வீரா’ என்றுதான் இருக்கும். அதனால் அது தப்பான கார் என்று அர்த்தம் இல்லை. வழி 1-இல் ஒழுங்காகச் செய்ததாக இருக்கலாம், வழி 2-இன் மிச்சமாகவும் இருக்கலாம். கிராண்டில் உள்ள இன்ஜின் எண்ணும் சி.சி.யும் இன்ஜினோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பி.எல்.1 நம்பர் இருக்கும் சுவரைச் சுற்றி விரலால் தடவுங்கள், ஓரம் தட்டுப்படக்கூடாது. சுவரின் மேல் காந்தத்தை வையுங்கள், புட்டி இருந்தால் பிடிக்காது. இரண்டு ரிங்கிட் காந்தம் போதும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சோதனை முடிய வேண்டும் என்று சொல்லுங்கள். பி5 எனும் பெயர் மாற்றச் சோதனையில் சேஸிஸ், இன்ஜின் எண்கள் இரண்டையும் பார்ப்பார்கள். விற்பவர் நேர்மையானவர் என்றால் அவருக்கு அதில் ஒரு காலைப்பொழுதுதான் செலவு. “வாங்கிட்டு நீங்களே போய்ச் செக் பண்ணிக்குங்க” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மறைந்த செலவு: விலை உடனே முழுதாகக் கேட்கும், பழைய காருக்கு பாங்குக் கடன் கிடைப்பது கஷ்டம். அந்த நெருக்கடியில்தான் ‘சம்போங் பாயார்’ என்று, பெயரை மாற்றாமல் அடுத்தவர் தவணையைத் தொடர்ந்து கட்டுகிற ஏற்பாட்டில் போய் விழுகிறார்கள். கார் பாங்குக்குச் சொந்தம், பெயர் அவருக்குச் சொந்தம், தவணை மட்டும் உங்களுக்குச் சொந்தம்.

இந்த வழி யாருக்கு நல்லது: காசு கையில் இருந்து, காத்திருக்கப் பொறுமை இல்லாதவருக்கு. பிறகு விற்கும் எண்ணம் உள்ளவருக்கும் இதுதான்.

வழி 4: ஏபி எடுத்து ரெக்கோன் கார்

பையனுக்கு இது உதவாது. ஓப்பன் ஏபி வழியில் வெளிநாட்டிலிருந்து வரும் பழைய காரான ரெக்கோன் கார் ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்க வேண்டும். 1995-இல் பிறந்த எவோ 3-க்கு அந்த வாசல் எப்போதோ மூடியாயிற்று. ஏபிக்கு மட்டுமே ஒரு காருக்கு 10,000 ரிங்கிட் கட்டணம், அதன் மேல் வரிகள். எல்லாம் கார் விலைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். ஜப்பான் கார்தான் வேண்டும், வருடம் முக்கியமில்லை, குடும்பத்தோடு போகிற கார் என்றால் இதைவிடச் சுத்தமான தாள் கிடைக்காது. வாங்கும்போது ஜப்பான் ஏலத் தாளையும் மீட்டரையும் ஒத்துப் பாருங்கள், அது வேறு கதை.

வழி 5: ரோட்டுக்கு வராத கார்

எவோ பாடியை வாங்கி, பதிவே செய்யாமல், லாரியில் ஏற்றி சிப்பாங் மாதிரி ஓடுதளத்துக்கு மட்டும் கொண்டுபோய் ஓட்டுவது. நம்பரே தேவையில்லை என்பதால் நம்பர் தொல்லையும் இல்லை. பாடி உதிரிப்பாகமாக வந்ததற்கான தாள் மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஸ்டேஷன் வரைக்கும்தானே என்று ஒருநாள் ரோட்டில் இறக்கினால் எல்லாம் போச்சு. சுங்கை சிப்புட்டிலிருந்து சிப்பாங்குக்கு ஏற்றிப் போகிற லாரிக் கூலியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

ஒரே பார்வையில் வேண்டும் என்பவர்களுக்கு:

| | நம்பர் பிறந்த இடத்தில்? | காப்புறுதி | விற்கும் நாள் | தாளில் எழுதாத செலவு |
|---|---|---|---|---|
| 1. பாடி அப்படியே, இன்ஜின் மாற்றம் | ஆம் | அறிவித்தால் நிற்கும் | தாள் இருந்தால் தேறும் | ரோட் டேக்ஸ், பிரேக், குறைந்த சந்தை விலை |
| 2. நம்பரை மாற்றுவது | இல்லை | நம்ப முடியாது | அன்றுதான் மாட்டும் | கார், சிறை, அடுத்தவர் நஷ்டஈடு |
| 3. பதிவான கார் | பார்த்து உறுதி செய்ய வேண்டும் | நிற்கும் | எளிது | முழு விலை ஒரே தவணையில் |
| 4. ரெக்கோன் | ஆம் | நிற்கும் | மிக எளிது | வரி விலைக்குள்ளேயே |
| 5. ஓடுதளம் மட்டும் | தேவையில்லை | தனியாகப் பேச வேண்டும் | பாகமாகத்தான் விற்கலாம் | லாரிக் கூலி |

ஏற்கெனவே வழி 2-இல் போய்விட்டேன், இப்போது என்ன செய்வது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சத்தமில்லாமல் விற்றுத் தள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதுவரை சொந்தச் சிக்கலாக இருந்தது அந்த நிமிடத்தில் 420 ஆகிவிடும். காரை ரோட்டில் இறக்காமல் வைத்துவிட்டு, ஜேபிஜேக்கோ போலீசுக்கோ போவதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். என் மாதிரி, ஜேபிஜே வேலைக்கு உங்களுக்காக ஓடுகிற ரன்னரிடம் கேட்காதீர்கள். “உள்ளுக்குள்ள ஆள் இருக்கு, பார்த்துக்கலாம்” என்று சொல்கிற ரன்னரிடம் கேட்கவே கேட்காதீர்கள்.

பையன் கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் அப்பாவையும் கூட்டி வந்தான். பெரியவர் ஒன்றும் பேசாமல் காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தார். “இதுல என் காடிய எங்க எழுதியிருக்க?” என்றார். பையன் ‘நம்பர்’ என்று எழுதியிருந்த வரியைக் காட்டினான். பெரியவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது வழி 1 என்று முடிவாகியிருக்கிறது. முன்சக்கர இழுவையோடு, தரைக்கு மட்டும் வெல்டிங், இன்ஜினுக்குத் தாள். கன்டெய்னரில் கிடக்கும் அந்த எவோவிலிருந்தே இன்ஜினை மட்டும் கழற்றித் தர விற்பவர் ஒத்துக்கொண்டாராம். ரசீதையும் கே1 நகலையும் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிட்டுத்தான் காசு கட்ட வேண்டும் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் ஆகிறது. இன்ஜின் படம் ஆறு வந்திருக்கிறது. ரசீது இன்னும் வரவில்லை.